இரண்டாம் வரிசையின் அம்பு

எருது அப்படி உழாது. இதைக் கேள்வி நேரத்தில் எழுந்து சொல்வதா, தேநீர் இடைவேளையில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பிடித்துச் சொல்வதா என்பதுதான் இந்த நிமிடத்தில் என் கவலை. மேடையில் வானியற்பியல் துறை ஹசீனா பேகம், தொலைநோக்கி வானத்தைப் பார்க்கும் விதத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார். முதல் வரியை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்துக்கொண்டு போகுமாம். முடிந்ததும் வெறுமனே திரும்பாதாம். அடுத்த வரியைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்துக்கொண்டே வருமாம். "நம்ம ஊர்ல மாடு உழற மாதிரி" என்கிறார், கையை இப்படியும் அப்படியும் வீசி. நான் பார்த்த வயல்களிலெல்லாம் ஏர் வரப்போரமாகச் சுற்றி, சுற்றிச் சுற்றி உள்ளே வரும். போன உழவுத் தடத்தை ஒட்டியே உடனே திரும்பி வருவது மாட்டுக்கும் கஷ்டம், மனிதனுக்கும் கஷ்டம். நட்சத்திரம் படிப்பவர்கள் மாட்டை உதாரணம் காட்டுவதற்கு முன் ஒரு மாட்டையாவது பார்த்துவிட்டு வரலாம். பக்கத்து இருக்கையில் கல்வெட்டியல் குலசேகரன் என் காதருகே குனிந்து, "உங்க உதடு அசையுது. யாருக்குத் திருத்தம் போடறீங்க?" என்கிறார். இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் பட்டப்பெயர் சிவப்பு மை. பெற்றோர் வைத்த பெயர் அருமைநாயகம். பயிர் நோயியல் துறை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். குலசேகரன் தன் புத்தகத்தில் ஓர் ஆட்சியாண்டைத் தவறாகப் போட்டிருந்தபோது இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன், நகல் துறைத்தலைவருக்கு. அதற்குப் பிறகும் அவர் என் பக்கத்தில் உட்காருகிறார் என்றால் அது பெருந்தன்மை, அல்லது நான் விழும்போது அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசை. இன்று எங்கள் ஆராய்ச்சி நாள். வருடம் ஒருமுறை எல்லாத் துறைகளும் ஒரே அரங்கில், ஆளுக்கு இருபது நிமிடம், வரிசை குலுக்கல் சீட்டில். அதனால்தான் நட்சத்திரத்துக்கு அடுத்து நெல். ஹசீனா முடித்ததும் நான். என் பேச்சு முடிந்ததும் துணைவேந்தர் கையால் முன்வரிசையில் இருக்கும் விவசாயி மாசிலாமணிக்கு என் புது ரக விதை நெல் பை. பை மேடையோரம் மேசைமேல் இருக்கிறது, வெள்ளைத் துணி, வாயில் மஞ்சள் கயிறு. மிச்ச ஆறு மூட்டை வெளியே வேனில்.

"எங்க மாணவர் ஒருத்தர்," என்கிறார் ஹசீனா, "கணினியில ஏத்தும்போது இரண்டாவது வரியைத் திருப்பிப் போட மறந்துட்டார். கிழக்கே இருந்தது மேற்கே போயிடுச்சு. இல்லாத ஒரு வாயு மேகத்தை ஆறு மாசம் நாங்க ரொம்ப மரியாதையா ஆராய்ச்சி பண்ணினோம்." அரங்கம் சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன், மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே; அடுத்தவர் பிழையில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் வயதால் குறையவில்லை. சிரித்து முடிக்கும் முன்பே எனக்குள் ஏதோ ஒரு படி தவறுகிறது. படிக்கட்டில் இன்னொரு படி இருக்கும் என்று நம்பிக் கால் வைத்து, இல்லாமல் போனால் ஏற்படுவது. ஏன்? யாருடைய வரி? நான் வானத்தைப் பார்ப்பவன் அல்ல. நான் நடுவது பாத்தியில், நாற்பது நெல் ரகம், நாற்பது கட்டம், நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து. நடுவதற்கு ஒரு திசைதான், இடமிருந்து வலம், ஒன்று முதல் பத்து, அடுத்த வரிசையிலும் இடமிருந்து வலம் பதினொன்று முதல் இருபது. ஆனால் நோய் பார்க்க நடப்பது அப்படி அல்ல. முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் பார்த்து முடித்தபின் சேற்றில் மறுபடி இடக்கோடிக்கு யார் வெறுமனே நடப்பார்கள்? இரண்டாவதை வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டே வருவோம். தொலைநோக்கிபோல. மாடுபோல என்று அவர் சொன்னதுபோல. எங்கள் வயல் உதவியாளர் சவுந்திரம் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து ஒவ்வொரு கட்டத்திலும் இலையைத் திருப்பிப் பார்ப்பாள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை மதிப்பெண் சொல்வாள். பூஜ்யம் என்றால் நோயே இல்லை, ஒன்பது என்றால் பயிரே இல்லை. என் முட்டி சேற்றுக்கு ஒத்துவராது. நான் வரப்பில் நின்று வயல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போவேன், அவள் சொன்ன ஒழுங்கில், எண்ணுக்கு எண். அப்புறம் அதைக் கணினியில் ஏற்றும்போது இரண்டாம் வரிசையையும் நான்காம் வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்டேன். போட்டிருப்பேன். நான் மறப்பவன் அல்ல, மறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுபவன்.

திருப்பிப் போட்டேனா? ஒரு கதவைப் பூட்டினோமா என்று பேருந்தில் ஏறியபின் யோசிப்பதுபோலத்தான் இது, வீணான பதற்றம், வீடு திரும்பிப் பார்த்தால் பூட்டுத் தொங்கும். ஆனால் பூட்டியது நினைவில்லை. மற்ற வருடங்களில் திருப்பிப் போடுவது என் வேலையே இல்லை. சவுந்திரம்தான் திருப்பிப் போட்டு நல்ல நோட்டில் நகல் எடுத்துத் தருவாள், நான் தட்டச்சு செய்வேன். பத்தாம் வகுப்போடு நின்றவள், துறையில் இருபத்திரண்டு வருடம். இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தக் கார்த்திகையில், மதிப்பெண் சொல்லி முடித்த மறுநாளிலிருந்து அவள் இல்லை. மகள் பிரசவத்துக்கு விடுப்பு எடுத்திருந்தாள். நான் குறிப்பேட்டிலிருந்து நேராகத் தட்டச்சு செய்தேன். அன்று எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. இடது கன்னம் மரத்து, வாயோரம் எச்சில் வழிவதுகூடத் தெரியாமல், கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டினேன். மருந்தின் கிராம்பு வாசனை நினைவிருக்கிறது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த தவிட்டுக்குருவி நினைவிருக்கிறது. நாற்பது எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது நினைவிருக்கிறது. திருப்பியது நினைவில்லை. திருப்பாததும் நினைவில்லை; செய்யாத ஒன்றை எப்படி நினைவுகூர்வது, அதற்கு வாசனை கிடையாதே. கட்டத்துக்குக் கட்டம் நட்ட குச்சிகளில் எழுதிய எண்களைப் பார்த்துச் சரிபார்த்திருக்கலாம். அந்த வருட மழையில் குச்சி எண்கள் கரைந்துபோயிருந்தன. அதனால்தான் அவள் வெறும் மதிப்பெண்ணை மட்டும் சொன்னாள். ஏழு சார். அஞ்சு சார். பதின்மூன்றாம் கட்டத்துக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தால்தான் இந்த மேடை, இந்த மஞ்சள் கயிறு. சுற்றிலும் பயிர் கருகிக் கிடந்தபோது குலைநோய் தொடாத ஒரே ரகம். என் மொத்த வேலை நாட்களில் நான் எழுதிய முதல் பூஜ்யம்.

குறிப்பேடு என் காலடியில் பைக்குள் இருக்கிறது. பேச்சுக்கு நடுவே தூக்கிக் காட்டலாம் என்று கொண்டுவந்தேன். சேற்றுக் கறை படிந்த நோட்டு என்றால் துணைவேந்தர்களுக்குப் பிடிக்கும். கணினித் தாள் என் மடியிலேயே இருக்கிறது. குனிந்து, பையைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். நான் குனியவில்லை. ஏன் குனியவில்லை என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. குனிந்தால் குலசேகரன் கேட்பார். பேசுபவரை அவமதிப்பதுபோல் இருக்கும். தவிர, அவசியமே இல்லை, ஏனென்றால் பதின்மூன்றை மறு வருடமும் பயிரிட்டோம், அதிலும் சுத்தமாக இருந்தது, ஓர் இலையில்கூடப் புள்ளி இல்லை. ஒரு நிமிடம் நெஞ்சு லேசாகிறது. மறு வருடமும் சுத்தம்! உடனே என்னுள் இருக்கும் சிவப்பு மை, முப்பது வருடம் மற்றவர் ஆய்வேடுகளை மேய்ந்த அந்த அசிங்கமான விலங்கு, தலையைத் தூக்குகிறது. மறு வருடம் மழை பொய்த்தது. பனியும் இல்லை. நோயே வரவில்லை. நோய்க்கென்றே ஓரத்தில் நடும் வலுவற்ற ரகம்கூட மணமகள்போல நின்றது. அதை நானே அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன், சிறிய எழுத்தில், அறிக்கையின் எட்டாம் பக்கம். எல்லாரும் தேர்ச்சி பெற்ற பரீட்சையில் என் பிள்ளையும் தேர்ச்சி என்று மேலே பெரிய எழுத்தில். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்திருப்பேன். ஆக எல்லாம் ஒரே ஒரு மழைக்காலத்தில், ஒரே ஒரு குறிப்பேட்டில், ஒரே ஒரு வரிசையில் நிற்கிறது. கையின் பின்புறம் வேர்க்கிறது. கையின் பின்புறத்தில் வேர்க்கும் என்று எனக்குத் தெரியாது.

முன்வரிசையில் மாசிலாமணியின் கழுத்து தெரிகிறது. புதுச் சட்டையின் காலர் விறைப்பாக இருக்கிறது, உள்ளே அட்டையை எடுக்க மறந்திருக்கிறார். எட்டு ஏக்கர். இரண்டு வருடத்துக்கு முன், அதே மழைக்காலத்தில், கதிர் வந்தபின் அதன் கழுத்தில் பிடித்தது நோய். கதிர் வெளுத்து, உள்ளே பாலே இல்லாமல், ஒடிந்து தொங்கியது. நான் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார், குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல. காலையில் வாசலில் பார்த்தபோது, "முதல்ல ஒரு ஏக்கர் போட்டுப் பாருங்க, மாசிலாமணி" என்றேன். "அந்த நோய் வருஷமும் இப்படிப் பத்திரமாத்தான் சார் கணக்குப் பண்ணினேன், எட்டுல ஒரு ஏக்கர்கூட மிஞ்சல. நீங்க சைபர்னு எழுதினா சைபர்தான். மொத்தமும் போடறேன். நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டிட்டுத்தான் பஸ் ஏறினேன்" என்றார். நான் மகிழ்ச்சியாகத் தோளைத் தட்டினேன். அந்தத் தட்டலை இப்போது என் கை திரும்ப உணர்கிறது. குலைநோயின் புள்ளி கண் வடிவத்தில் இருக்கும், இரு முனை கூர், ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். பாடப்புத்தகத்தில் அந்த வரியை எழுதியவன் நான்தான். எட்டு ஏக்கரிலும் அந்தக் கண்கள் ஒன்றொன்றாகத் திறப்பதைப் பார்க்கிறேன், இலைக்கு நாலு, இலைக்கு பத்து, எல்லாம் வரப்பில் நிற்கும் ஒரே ஆளைப் பார்த்தபடி. மணி ஒருமுறை அடிக்கிறது. ஹசீனாவுக்கு இன்னும் ஐந்து நிமிடம். அவர் தவறு செய்தால் எந்த நட்சத்திரத்துக்கும் ஒன்றும் ஆகாது. அது அங்கேயே இருக்கும், திருத்தம் வரும்வரை.

இப்படியும் இருக்கலாம்: இந்த வருடமும் பனி இல்லாமல் போகலாம். நோய் வராமல் போனால் எந்த நெல்லும் நல்ல நெல்தான். பதினான்கு மாதம் கழித்து நான் வீட்டில் இருப்பேன், பிறகு நோய் வந்தால் ரகத்தின் எதிர்ப்புத்திறன் உடைந்துவிட்டது என்பார்கள், உலகமெங்கும் உடைகிறதே, அதற்கென்றே ஆய்வு மாநாடுகள் நடக்கின்றனவே. யாருக்கும் தெரியாது. இந்த எண்ணம் எவ்வளவு ஒழுங்காக, அடிக்குறிப்போடு வந்து உட்கார்ந்தது என்பதுதான் நோயைவிட அதிகமாகப் பயமுறுத்துகிறது. நான் அறியாமலே இதை எங்கோ எழுதி வைத்திருந்தேனா? சவுந்திரத்துக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கிறேன். கடைசி வரிசையில், பட்டுப்புடவையில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வானியற்பியலை முழுக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை இந்த அரங்குக்கு அழைத்தது இதுவே முதல் தடவை, அதுவும் நான் பெருமையாக அழைத்தேன். அவளுடைய குரல் இருபத்திரண்டு வருடமாக வரிசைக்கு வரிசை கேட்ட அதே குரலில் காதில் வருகிறது: "அம்பு போட்டீங்களா சார்?" ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும் கேட்பாள். "போடுங்க சார். இல்லன்னா எந்தப் பக்கமா நடந்தோம்னு அப்புறம் காகிதத்துக்குத் தெரியாது." நான் கேலி செய்வேன், "போட்டேன் தாயே, வில்லும் வரைஞ்சுடவா?" என்று. அம்பு. அம்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இடப்பக்கம் பார்க்கும் அம்பு இருந்து, கணினித் தாளில் எண்கள் தலைகீழாக இருந்தால் நான் பிழைத்தேன். நானா? மாசிலாமணியா? முதலில் வந்த சொல் 'நான்' என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

குனிகிறேன். பையின் ஜிப் இந்த அரங்கில் இதுவரை யாரும் எழுப்பாத ஓசையை எழுப்புகிறது. குலசேகரன், "என்ன சார், முகம் வெளுத்திருக்கு? சர்க்கரை இறங்கிடுச்சா? என்கிட்ட மிட்டாய் இருக்கு" என்கிறார், உண்மையாகவே ஒன்றை எடுத்து நீட்டுகிறார். வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறேன், இஞ்சி. குறிப்பேடு இன்னும் அந்தச் சேற்றின் நாற்றம் அடிக்கிறது. கார்த்திகைப் பக்கம். முதல் வரிசை, வலப்பக்கம் பார்க்கும் அம்பு. இரண்டாம் வரிசை. அம்பு இருக்கிறது. இடப்பக்கம் பார்க்கிறது, என் கையால், வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக, அவளைச் சீண்டுவதற்காக வால் இறகெல்லாம் வைத்து வரைந்திருக்கிறேன். அதன் எதிரே எண்கள்: இரண்டு, ஐந்து, பூஜ்யம், ஆறு, மூன்று, ஒன்பது, நான்கு, ஏழு, ஐந்து, ஒன்று. கணினித் தாளைப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கிறேன். பதினொன்று, இரண்டு. பன்னிரண்டு, ஐந்து. பதின்மூன்று, பூஜ்யம். அதே ஒழுங்கு. இஞ்சி நாக்கில் எரிகிறது. அம்பு சொல்வது வேறு: முதல் எண் இருபதாம் கட்டத்துடையது, மூன்றாவது பதினெட்டாம் கட்டத்துடையது. பூஜ்யம் பதினெட்டினுடையது. பதின்மூன்று வலமிருந்து எட்டாவது. எட்டாவது எண் ஏழு. மேசைமேல் மஞ்சள் கயிற்றோடு உட்கார்ந்திருப்பது ஏழு. வேனில் ஆறு மூட்டை ஏழு. ஆச்சரியம் என்னவென்றால் பயம் போகவில்லை. தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று எங்கோ நம்பியிருந்தேன். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, இப்போது அதற்கு ஒரு கட்ட எண் இருக்கிறது, அவ்வளவுதான். மணி இரண்டு முறை அடிக்கிறது. கைதட்டல். நான் எருதைப் பற்றிக் கேட்கவில்லை.

அமர்வுத் தலைவர் என்னை அறிமுகம் செய்கிறார். எங்கள் எல்லாரையும் திருத்தியவர், அவர் கண்ணில் ஒரு தவறும் தப்பாது என்கிறார், மக்கள் நட்பாகச் சிரிக்கிறார்கள். மேடைக்கு ஐந்து படி, ஐந்தும் இருக்கின்றன. திரையில் பதின்மூன்றாம் எண்ணின் படம், பச்சை, மழை பொய்த்த வருடத்தில் எடுத்தது. ஒலிபெருக்கியைப் பிடிக்கிறேன், அது குளிர்ந்திருக்கிறது. வணக்கம் சொல்ல வேண்டும். துணைவேந்தரை விளிக்க வேண்டும். முதல் வாக்கியம் தாளில் அச்சாகி இருக்கிறது, இலக்கணச் சுத்தமாக. மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்து இரு கைகளையும் மடியில் வைத்திருக்கிறார், உள்ளங்கை மேலே பார்த்தபடி, வாங்கிக்கொள்ள ஒத்திகை பார்ப்பதுபோல. "சவுந்திரம்," என்று அரங்கம் முழுக்க என் குரல் கேட்கிறது, "பதினெட்டாம் கட்டத்து நெல் மிச்சம் இருக்கா?" தலைகள் பின்னால் திரும்புகின்றன. அவள் எழுந்து நிற்கிறாள், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி. "என்ன சார், இங்க வச்சுக் கேக்கறீங்க?" "இருக்கா?" "நீங்கதானே சார் அது நோஞ்சான், கோழிக்குப் போட்டுடுன்னீங்க." யாரோ சிரிக்கிறார்கள். "போட்டியா?" "போட்டேன் சார்." கொஞ்சம் யோசித்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும், "கோழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். இப்போது அரங்கமே சிரிக்கிறது. நான் நிற்கிறேன். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை, இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, வரிசை வரிசையாக அடங்குகிறது.

"இந்த விதையைக் கொடுக்கக் கூடாது," என்கிறேன். "இது நோய் தாங்காது. நான் எண்ணை மாற்றிப் போட்டுட்டேன்." பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தேன், மின்விசிறி மட்டும் சுற்றுகிறது, பக்கத்து அறையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்குகிறார்கள். குலசேகரன் தலை குனிந்து தன் காலணியைப் பார்க்கிறார். சிரிக்கவில்லை, அது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. துணைவேந்தர் தலைவரைப் பார்க்கிறார், தலைவர் மணியைப் பார்க்கிறார். மாசிலாமணி மெதுவாக எழுந்திருக்கிறார். காலருக்குள் இருந்த அட்டை இப்போதுதான் உறுத்தியதோ என்னவோ, அதை உருவி எடுத்து இரண்டாக மடிக்கிறார். "தண்ணி கட்டிட்டு வந்தேனே சார்" என்கிறார். கோபம் இல்லை, ஒரு தகவல்போலச் சொல்கிறார். அவரே சொல்கிறார்: "சரி. பழசையே போடறேன். அது எப்ப சாகும்னாவது எனக்குத் தெரியும்." உட்காரவில்லை, போகவும் இல்லை, என்னைப் பார்த்தபடி நிற்கிறார். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறார். ஒருவேளை இருக்கிறது. தலைவர் என் பக்கம் சாய்ந்து, "உங்களுக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு சார்" என்று கிசுகிசுக்கிறார், அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டுவிடுகிறது. நட்ட ரகங்கள் நாற்பது. இரண்டாம் வரிசையும் நான்காம் வரிசையும் சேர்த்து இருபது எண்கள் தவறான பெயரில் கிடக்கின்றன. நல்லது என்று வைத்திருப்பதில் எது கெட்டது, தூக்கி எறிந்ததில் எதைக் கோழி தின்னவில்லை என்று இந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரிய முடியும். குறிப்பேட்டை மேசைமேல் விரிக்கிறேன். இரண்டாம் வரிசையின் அம்பின்மேல் விரலை வைக்கிறேன். "சவுந்திரம், முன்னால வா," என்கிறேன். "நான் படிக்கிறேன். எது நம்மகிட்ட இருக்கு, எது இல்லைன்னு நீ சொல்லு." அவள் நடுப்பாதையில் வருகிறாள், வயலில் நடப்பதுபோலவே கொஞ்சம் குனிந்து, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு. மாசிலாமணிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும், இருபத்திரண்டு வருடப் பழக்கம், கேட்கிறாள்: "எந்தப் பக்கத்துல இருந்து சார்?" "வலமிருந்து," என்கிறேன். "இருபது, இரண்டு."